தீட்டு எது? தூய்மை எது?

குழந்தை பிறந்த வீட்டைத் தீட்டு வீடு என்று சொன்ன நாடு நம் நாடு. கொப்பூழ்க்கொடியை அறுத்துத் தாயையும் சேயையும் காத்த மருத்துவச்சியை இழிந்தவள் என்று ஒதுக்கியதும் இந்நாடே. வடநாட்டின் பல பகுதிகளில் அப்பணி ஒடுக்கப்பட்ட இனத்துத் தாய்மார் தலையில் சுமத்தப்பட்டது. தமிழகச் சிற்றூர்களில் பெரும்பாலும் மருத்துவர் குலப் பெண்கள் அதனைச் செய்தனர். தூய்மையின்மை பிறப்பால் வருவதா, செயலால் வருவதா? இவ்வினாவிற்கு விடை கூறும் வரலாறு ஒன்று ஐரோப்பாவில், வியன்னா மாநகரில் நிகழ்ந்தது. செவிலியர் பயிற்சியையும் மருத்துவக் கல்வியையும் நாடும் நம் இளைஞர்கள் அதனை அறிதல் வேண்டும்.

இரு பிரிவுகள்

வியன்னாப் பொது மருத்துவமனையின் மகப்பேற்றுப் பகுதி 1784-இல் தொடங்கப்பெற்றது. ஏழைப் பெண்களுக்கு அங்கே கட்டணமின்றிப் பேறு பார்க்கப்பட்டது. கைம்மாறாக அவர்கள் தம் உடலை மாணவர் பயிற்சிக்கு ஒப்படைக்க வேண்டியிருந்தது. 1840-இல் பிறந்த ஆணையின்படி முதற்பிரிவு மருத்துவ மாணவர்க்கும், இரண்டாம் பிரிவு மருத்துவச்சி மாணவியர்க்கும் என ஒதுக்கப்பட்டன.

1841 முதல் 1846 வரை, முதற்பிரிவில் 100 தாய்மாருக்கு ஏறத்தாழ 10 பேரும், இரண்டாம் பிரிவில் ஏறத்தாழ 4 பேரும் மாண்டனர். பேறுகாலக் காய்ச்சலே பெருங்காரணம். முதற்பிரிவில் தங்களைச் சேர்க்க வேண்டாம் என்று பெண்கள் மண்டியிட்டு மன்றாடினர். அக்கண்ணீர் நெடுங்காலம் எவர் செவியிலும் ஏறவில்லை.

உண்மை தேடியவர்

1846-இல் முதற்பிரிவின் உதவி மருத்துவராக அமர்ந்த இக்னாஸ் செம்மல்வெய்ஸ் என்னும் அங்கேரிய இளைஞர் காரணம் தேடினார். காற்றின் நச்சு என்றனர் சிலர். இரு பிரிவிற்கும் காற்று ஒன்றே. நெரிசல் என்றனர் வேறு சிலர். இரண்டாம் பிரிவிலேயே நெரிசல் மிகுதி. அரசு அமைத்த குழுவோ அயல்நாட்டு மாணவரின் முரட்டுக் கைகளைக் குறை கூறி, அவர்களை விலக்கச் செய்தது. பழியை அயலார் மேல் ஏற்றுவது எளிதன்றோ? சாவு சிறிது குறைந்து, மீண்டும் உயர்ந்தது.

1847 மார்ச்சில் அவர் நண்பர் கொலெச்கா, பிணப் பரிசோதனையில் மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு இறந்தார். அவர் உடலில் காணப்பட்ட மாற்றங்கள், மாண்ட தாய்மார் உடலில் கண்டவற்றை ஒத்திருந்தன. உண்மை விளங்கிற்று. பிணம் அறுத்த கைகளோடு மருத்துவர்களும் மாணவர்களும் தாய்மாரைத் தொட்டனர். மருத்துவச்சி மாணவியர் பிணம் அறுப்பதில்லை.

அவ்வாண்டு மே மாதம், குளோரின் சுண்ணாம்பு நீரில் கைகழுவிய பின்னரே தாய்மாரைத் தொட வேண்டும் என்று விதித்தார். ஏப்ரலில் 100-க்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 ஆகக் குறைந்தது. 1848-இல் இரு பிரிவிலும் 100-க்கு ஒருவர் என்ற அளவினதாயிற்று.

பொறுப்பேற்கும் பண்பு

செம்மல்வெய்ஸ் தாமே மிகுதியான பிணப் பரிசோதனை செய்தவர். தம் கைகளாலும் எண்ணிறந்த தாய்மார் மாண்டனர் என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். மூத்த பேராசிரியர் பலர் ஏற்க மறுத்தனர். ஏற்பின், தம் கைகளே கொன்றன என்று ஒப்ப வேண்டும் அல்லவா? 1849-இல் அவர் பதவி நீட்டிக்கப்படவில்லை. தம் ஆய்வை நூலாக்க 1861 வரை காலந்தாழ்த்தியது அவர் குறையேயாகும். 1865-இல், 47-ஆம் வயதில், மனநோயாளர் விடுதியில் மறைந்தார். 1879-இல் லூயி பாஸ்டர் அந்நோயின் கிருமியைச் சுட்டிக்காட்டிய பின், அவர் சொல் உலகால் போற்றப்பட்டது.

நமக்குரிய பாடம்

பட்டமும் குடிப்பெருமையும் ஒரு கையைத் தூய்மையாக்குவதில்லை. பிறப்பு ஒரு கையை மாசாக்குவதும் இல்லை. கழுவிய கை தூய்மையானது. கழுவாத கை, எக்குலத்தார் கையாயினும், மாசுடையது. தீட்டு என்னும் பொய்யைத் தகர்க்க இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

எனினும் இதனைப் பிறரைச் சாடுவதற்கு மட்டும் நாம் கொள்ளலாகாது. பேற்றறையில் நாளை நிற்கப்போகும் நம் பெண்மக்களிடம் வருவோர் பெரும்பாலும் ஏழைத் தாய்மாராகவே இருப்பர். அவர் பயிற்சிப் பொருளல்லர். இசைவு கேட்டுத் தொடப்பட வேண்டிய மனிதர். செய்த பிழையை மறைக்காது பதிவு செய்தல், அவர்தம் கூற்றைச் செவிமடுத்தல், ஒவ்வொரு முறையும் கைகழுவுதல் — இம்மூன்றும் அத்தொழிலின் அறங்கள். தொடாதே என்று தள்ளப்பட்ட சமுதாயத்தின் மக்கள், தொட்டுக் காக்கும் கலையில் தலைசிறந்து விளங்குவார்களாக!