நிறுவன ஆளுகையும் ஈவுத்தொகையும்

இலாபத்தில் எவ்வளவைப் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுப்பது, எவ்வளவை நிறுவனத்திலேயே வைத்துக்கொள்வது என்ற முடிவு, அதை எடுப்பவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதைப் பெரிதும் பொறுத்தது. மேலாளர் கையில் தேங்கும் உபரிப் பணம் வீண் விரிவாக்கத்தில் கரையும் என்று 1986-இல் பொருளாதார அறிஞர் மைக்கேல் ஜென்சன் வாதிட்டார். அவர் பார்வையில் ஈவுத்தொகை ஒரு கடிவாளம். 33 நாடுகளின் நிறுவனங்களை ஆராய்ந்த லா போர்ட்டா குழுவினர் (2000), சிறுபங்குதாரருக்குச் சட்டப் பாதுகாப்பு வலுவாக உள்ள நாடுகளில் ஈவுத்தொகை அதிகம் எனக் கண்டனர். பாதுகாப்பு குறைந்த இடத்தில் நற்பெயர் தேடித் தாராளமாகக் கொடுப்பார்கள் என்ற எதிர்வாதம் அந்த ஆய்வில் எடுபடவில்லை.

இந்தியாவில் ஆண்டு ஈவுத்தொகையைப் பரிந்துரைப்பது இயக்குநர் குழு. பொதுக்கூட்டம் பொதுவாக அதைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. நிறுவனர் குடும்பங்களின் பிடியில் பல நிறுவனங்கள் உள்ள நாட்டில் இது சிறிய விஷயமல்ல. குழுவில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதே கேள்வி. சந்தை மதிப்பில் முதல் 500 இடங்களிலுள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் ஈவுத்தொகைக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும் என 2016-இல் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி விதித்தது. 2021-இல் அது 1000 ஆனது. கொடுத்தே ஆகவேண்டும் என்று விதி சொல்லவில்லை. கொள்கையை மாற்றினால் மட்டும் அதற்கான காரணத்தை ஆண்டறிக்கையிலும் இணையதளத்திலும் தெரிவிக்க வேண்டும்.