இடிக்கப்பட்ட இரு சிறைகள்: பிராங்கோவுக்குப் பிந்தைய ஸ்பெயினும் மிசாவுக்குப் பிந்தைய வடசென்னையும்

வண்ணாரப்பேட்டையின் தெற்கு ஓரத்தில் ஓடும் சாலையைப் பழைய ஜெயில் ரோடு என்று இன்றும் அழைக்கிறோம். சிறை இருந்த இடத்தில் இப்போது பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது. சிறை போனாலும் பெயர் தங்கிவிட்டது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில் இருந்த சென்னை மத்தியச் சிறைக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், விசாரணையின்றிச் சிறைவைக்க இடமளித்த மிசா சட்டத்தின் கைதிகள் அடைக்கப்பட்டிருந்த அந்தச் சிறை, 2006-இல் புழலுக்கு மாற்றப்பட்டு, 2009-இல் இடிக்கப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்பு, 2008-இல், மாட்ரிட் நகரின் கராபான்செல் சிறையும் இடிக்கப்பட்டது. அரசியல் கைதிகளின் உழைப்பைக் கொண்டே பிராங்கோ ஆட்சி எழுப்பிய சிறை அது. அதன் ஒரு பகுதியையாவது நினைவிடமாக விட்டுவையுங்கள் என்று சுற்றுவட்டாரக் குடியிருப்பினர் மன்றாடியும் பலிக்கவில்லை.

சர்வாதிகாரம் முடிந்த பிறகு ஒரு சமூகம் எதை நினைவில் வைக்கிறது, எதைக் கைவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பிராங்கோவின் ஆட்சி 1939 முதல் 1975 வரை நீடித்தது; அதற்கு முன் ஓர் உள்நாட்டுப் போர் நடந்திருந்தது. இந்தியாவின் நெருக்கடி நிலை 21 மாதங்களில் முடிந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆயினும் 1977 என்ற ஒரே ஆண்டில் இரு நாடுகளும் வாக்குச்சாவடிக்குத் திரும்பின. இரண்டும் பழைய கணக்கை எப்படித் தீர்ப்பது என்ற கேள்வியை எதிர்கொண்டன. அரசியல் கைதியை மட்டும் நினைவில் வைத்து, விசாரணையின்றிச் சிறைவைக்கும் அதிகாரத்தை மறந்ததே தமிழகத்தின் பிழை என்பதும், அதன் சுமையை வடசென்னையின் உழைக்கும் குடும்பங்கள் இன்றுவரை சுமக்கின்றன என்பதும் என் வாதம்.

ஸ்பெயின்: கையெழுத்திட்ட மறதி

1975 நவம்பர் 20 அன்று பிராங்கோ இறந்தார். 1977 ஜூனில், 1936-க்குப் பிறகான முதல் சுதந்திரத் தேர்தல் நடந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பொதுமன்னிப்புச் சட்டம் நிறைவேறியது. அது அரசியல் கைதிகளை விடுவித்தது. அவர்களை ஒடுக்கிய அதிகாரிகளையும் வழக்கிலிருந்து விடுவித்தது. கராபான்செல் சிறையில் பல ஆண்டுகள் கிடந்த தொழிற்சங்கத் தலைவர் மார்செலினோ கமாச்சோ, அச்சட்டத்தை ஆதரித்து நாடாளுமன்றத்தில் பேசினார். அதே மாதம் கையெழுத்தான மான்குளோவா உடன்பாட்டில், விலைவாசி 25 விழுக்காட்டுக்கும் மேல் ஏறியிருந்த வேளையில், கூலி உயர்வுக்கு வரம்பு கட்ட இடதுசாரிகள் இசைந்தனர். மீண்டும் ஒரு போர் மூண்டுவிடக் கூடாது என்ற அச்சம் அவர்களை நடத்தியது. இந்த இணக்கத்தைத்தான் பின்னாளில் ‘மறதி ஒப்பந்தம்’ என்றார்கள்.

அதன் பலன்கள் சிறியவை அல்ல. 1978-இல் புதிய அரசியலமைப்பு வந்தது. கட்டலான், பாஸ்க் மொழிகள் தம் நிலங்களில் ஆட்சிமொழித் தகுதி பெற்றன. 1981-இல் மணவிலக்கு சட்டபூர்வமானது. 1986-இல் நாடு ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது. இழப்பும் இருந்தது. புதைகுழிகளில் கிடந்தவர்களைத் தேட அரசு முன்வரவில்லை. 2000-இல் எமிலியோ சில்வா என்ற இதழாளர் தன் தாத்தாவின் எலும்புகளைத் தேடித் தோண்டத் தொடங்கிய பிறகே பேரப்பிள்ளைகளின் தலைமுறை வாய் திறந்தது. 2007-இலும் 2022-இலும் நினைவுச் சட்டங்கள் வந்தன. 2019-இல் பிராங்கோவின் உடல் அவருடைய பெருநினைவிடத்திலிருந்து அகற்றப்பட்டது.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு கிளை உண்டு. 1970-இல் பிராங்கோ ஆட்சி ‘சமூக ஆபத்து’ச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஒருவர் என்ன குற்றம் செய்தார் என்று அது பார்க்கவில்லை; அவர் எப்படிப்பட்டவர் என்று பார்த்தது. ஓரினச் சேர்க்கையாளர், பிச்சையெடுப்போர், பாலியல் தொழிலாளர் ஆகியோர் அதில் சிக்கினர். பொதுமன்னிப்பு இவர்களை எட்டவில்லை. சாதாரணக் கைதிகள் தமக்கென ஒரு கூட்டமைப்பு கண்டு, 1977 ஜூலையில் கராபான்செல் சிறையின் கூரைமேல் ஏறி நின்று தாமும் அந்த ஆட்சியில் பாதிக்கப்பட்டவர்களே என்று முழங்கினர். அச்சட்டம் படிப்படியாகத் தளர்ந்து, 1995-இல் முற்றாக நீங்கியது.

வடசென்னை: வாக்கால் வந்த மறதி

தி.மு.க. அரசு நெருக்கடி நிலையை எதிர்த்ததால், 1976 ஜனவரி 31 அன்று அது கலைக்கப்படும் வரை தமிழகத்தில் அடக்குமுறையின் முழு வேகம் தெரியவில்லை. கலைக்கப்பட்டவுடன் கைதுகள் தொடங்கின. மத்தியச் சிறையில் மிசா கைதிகள் தாக்கப்பட்டனர். சென்னையின் முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு 1977 ஜனவரியில் காவலில் இருந்தபடியே உயிர்நீத்தார். கம்பனில் தோய்ந்த அறிஞராகத் தமிழுலகம் அறிந்த நீதிபதி எம்.எம். இஸ்மாயில் தலைமையிலான ஆணையம், அடித்தது உண்மை என்று பதிவுசெய்தது.

ஆலைத் தொழிலாளிக்கு நெருக்கடி நிலை வேறு வாசல் வழியாகவும் வந்தது. 1975 செப்டம்பரில் குறைந்தபட்ச போனஸ் 8.33 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக வெட்டப்பட்டது. வேலைநிறுத்த உரிமை முடங்கியது. பின்னி ஆலை, துறைமுகம், ரயில்வே பட்டறைகள், திருவொற்றியூர், எண்ணூர் தொழிற்சாலைகள் என்று உழைப்பை நம்பி வாழ்ந்த பகுதிக்கு இது அடுப்படிவரை எட்டிய செய்தி. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கமும், 1923-இல் சிங்காரவேலரின் மே தினமும் கண்ட நகரத்தின் உழைக்கும் பகுதி இது.

1977 மார்ச் தேர்தலில் வட இந்தியா இந்திரா காந்தியின் கட்சியைத் துடைத்தெறிந்தது. தமிழகமோ அ.தி.மு.க. – காங்கிரஸ் அணிக்கு 39 இடங்களில் 34-ஐ அளித்தது. தி.மு.க.வுக்கு வாய்த்தவை இரண்டே. அவற்றுள் ஒன்று ஏ.வி.பி. ஆசைத்தம்பி வென்ற வடசென்னை. கழகத்தின் பழைய வேர், தொழிற்சங்கப் பழக்கம், போனஸ் வெட்டின் காயம் மூன்றும் இதில் சேர்ந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். அதற்காக இதைக் கலப்பற்ற எதிர்ப்பு வாக்கு என்று கொண்டாடவும் கூடாது. மூன்று மாதங்களில் வந்த சட்டமன்றத் தேர்தலில் வடசென்னையின் ராதாகிருஷ்ணன் நகர் தொகுதி அ.தி.மு.க.வின் ஐசரி வேலனைத் தேர்ந்தெடுத்தது. 1980-இல் தி.மு.க.வே இந்திரா காந்தியுடன் கூட்டணி அமைத்து, அந்த அணி 37 இடங்களை வென்றபோது, வடசென்னையும் அதே அணியின் பக்கம் நின்றது.

ஸ்பெயினில் கட்சிகள் மேசையில் அமர்ந்து கையெழுத்திட்ட மறதி, இங்கே தொகுதிப் பங்கீட்டின் வழியே வந்து சேர்ந்தது. மாநிலத்தின் தேவை கருதி எடுத்த முடிவு என்பதற்கு அக்கட்சியிடம் காரணங்கள் உண்டு, கமாச்சோவிடமும் இருந்தன. ஆனால் அதன்பின் மிசா என்ற சொல் தியாகத்தின் பட்டமாக மேடைகளில் நிலைத்தது. அது விசாரணையற்ற சிறையைக் குறித்த சொல் என்பது மங்கியது. யார் சிறை சென்றார் என்று பேசிய அளவுக்கு, எந்தச் சட்டத்தால் சென்றார் என்று நாம் பேசவில்லை.

மிசாவிலிருந்து குண்டாஸுக்கு

சட்டத்தின் வரலாறு இதை உறுதிசெய்கிறது. ஜனதா ஆட்சி மிசாவை நீக்கியது. 1978-இன் 44-ஆம் திருத்தம், உயிர் வாழும் உரிமையை நெருக்கடி நிலையிலும் முடக்க முடியாதபடி செய்தது; இது உண்மையான ஆதாயம். ஆனால் அதே திருத்தத்தில் தடுப்புக்காவலைச் சுருக்கும் பிரிவு இன்றுவரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. 1980-இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1982-இல் தமிழ்நாடு, பேச்சுவழக்கில் ‘குண்டாஸ்’ எனப்படும் தன் 14-ஆம் சட்டத்தை இயற்றியது. கள்ளச்சாராயம் விற்போர், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள் என்று வகை பிரித்த அது, பின்னர் மணல் கடத்துவோர், திருட்டு வீடியோ எடுப்போர், 2014-இல் இணையக் குற்றவாளிகள்வரை விரிந்தது. சென்னையில் காவல் ஆணையரின் உத்தரவு போதும். ஓராண்டுவரை விசாரணையின்றி அடைத்து வைக்கலாம்.

வண்ணாரப்பேட்டையிலும் காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் ‘குண்டாஸ் போட்டுட்டாங்க’ என்ற சொற்றொடருக்கு விளக்கம் தேவையில்லை. உத்தரவுக்கு எதிராக ஆட்கொணர்வு மனு போட்டு, உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்வதற்குள் பல மாதங்கள் ஓடிவிடுகின்றன. அதற்குள் போன வேலையும் வக்கீலுக்காக அடகு வைத்த நகையும் திரும்புவதில்லை. ஆள் செய்ததைவிட, அவர் எத்தகையவர் என்று பார்க்கும் அந்தத் தர்க்கம் பிராங்கோவின் 1970 சட்டத்தில் நாம் கண்டதுதான். ஸ்பெயின் அதைக் கைவிட்ட ஆண்டுகளில் நாம் அதைப் பெருக்கிக்கொண்டிருந்தோம்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ரவுடிகளின் கத்திக்கு முதலில் இரையாகிறவர்கள் இதே பகுதி மக்கள்தாம். அவர்களே காவலைக் கேட்கிறார்கள். அந்தக் கோரிக்கை நேர்மையானது. ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு வேண்டியது குற்றம் நிரூபணமாகித் தண்டனை கிடைப்பது. தடுப்புக்காவல் விசாரணைக்கு மாற்றாக நிற்கும்போது, குற்றவாளி பின்னால் வெளியே வந்துவிடுகிறார். நிரபராதி ஆண்டை இழக்கிறார். குற்றம் மட்டும் தீர்க்கப்படாமல் கிடக்கிறது.

முடிவாக

கராபான்செல் கூரைமேல் நின்ற கைதிகளின் குரலை ஸ்பெயின் உடனே கேட்கவில்லை. சட்டம் நீங்க 18 ஆண்டுகள் ஆயின. ஆனாலும் கேட்டது. நம்மிடம் அதைவிட நல்ல தொடக்கம் இருந்தது: நீதிபதி ஒருவர் எழுதிய அறிக்கை, நம் சிறைக்குள் நம் மக்களுக்கு நேர்ந்ததைப் பதிவுசெய்து வைத்திருக்கிறது. இஸ்மாயில் அறிக்கையைச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக வைக்க வேண்டும். 44-ஆம் திருத்தத்தின் உறங்கும் பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். மத்தியச் சிறை இருந்த இடத்தில் ஒரு கல்வெட்டாவது நட வேண்டும். அதில் சிட்டிபாபுவின் பெயர் இருக்கட்டும். விசாரணையின்றி அங்கே அடைபட்டுக் கிடந்த, எந்தக் கட்சியும் பெயர் சொல்லாத மனிதர்களைப் பற்றியும் ஒரு வரி இருக்கட்டும். அவர்களுடைய பிள்ளைகளின் வழக்கு இன்று புழலில் காத்திருக்கிறது.