மகாவலித் தூண்டிற்காரரும் வாய்மொழி வரலாறும்

கண்டிப் பிரதேசத்தின் மீன்பிடி பற்றி எழுத்துச் சான்றுகள் இல்லாமலில்லை. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில், ஆற்று மீன்களுக்குச் சோறிட்டு மன்னன் மகிழ்ந்ததையும், மக்கள் கரப்பு போன்ற கூடையைச் சேற்றிற் குத்தி மீன் பிடித்ததையும் குறித்துள்ளார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத் தோட்டத்துரைமார் மலையக ஓடைகளில் திரவுட் மீனை அறிமுகஞ்செய்து, அதனைத் தூண்டிலிடுவதற்கெனக் கழகமும் அமைத்தனர். மன்னனின் பொழுதுபோக்கும் துரையின் விளையாட்டும் இவ்வாறு ஏட்டில் ஏறின. மகாவலிக் கரையில் மண்புழுவும் தூண்டிலுமாகக் காலங்கழித்த சாதாரண மனிதரின் வாழ்க்கையோ ஏறவில்லை.

இக்குறையை நிரப்ப வல்லது வாய்மொழி வரலாறு. 1948இல் அலன் நெவின்ஸ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இம்முயற்சியைத் தொடங்கியபோது, பெரும்பாலும் பிரமுகர்களின் நினைவுகளே பதிவாயின. சாதாரண மக்களின் குரலுக்கு இதில் உரிய இடத்தை வலியுறுத்தியவர்களுள் பிரித்தானியரான போல் தொம்சன் முக்கியமானவர். பிரித்தானிய மீனவச் சமூகங்களை ஆராய்ந்து அவர் பிறருடன் இணைந்து 1983இல் வெளியிட்ட நூல், முதியோரின் ஒலிப்பதிவுகளைப் பெரிதும் ஆதாரமாகக் கொண்டது. நமக்கும் இது வழிகாட்டத் தக்கது.

மகாவலியைப் பொறுத்தவரை இத்தேவை இரட்டிப்பாகின்றது. ஏனெனில் ஆறே மாறிவிட்டது. 1976இல் பொல்கொல்லையில் நீர் திசைதிருப்பப்பட்டது. 1985இல் விக்டோரியா அணை நிறைவுற, பாறைகளிடையே விரைந்தோடிய ஆற்றுப்பகுதி நீர்த்தேக்கமாயிற்று. பழைய தெல்தெனிய நகரம் நீருள் ஆழ்ந்தது. மேல் மகாவலிப் பகுதிக்கே உரிய ‘லேபியோ பிஷரி’ என்னும் மீன் விரைந்தோடும் நீரை நாடுவது. அது இன்று அருகிவிட்டது. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவுக்கோ தேங்கிய நீர் வாய்ப்பாக அமைந்தது. எந்த மடுவில் எம்மீன் கிடைத்தது, எம்மாதத்தில் எவ்விரையை அது கவ்வியது என்பனவற்றை அறிந்தோர் முதிய தூண்டிற்காரரே. அம்மடுக்களுட் பல இன்று அவர்தம் நினைவிலன்றி வேறெங்கும் இல்லை.

‘தப்பிய மீனே பெரியது’ என்பது தூண்டிற்காரரைப் பற்றிய கேலி. எனவே அவர்தம் கூற்றை அப்படியே வரலாறெனக் கொள்ளலாகாது என்பர் சிலர். இது நியாயமான ஐயமே. ஆயினும் மீனின் நிறையை மிகைப்படுத்துபவர் மடுவின் இடத்தையும் மிகைப்படுத்துவார் என்பதில்லை. பலர் கூற்றுகளை ஒப்புநோக்கியும், அணை கட்டிய ஆண்டு, 1990இல் உள்நாட்டு மீன்பிடிக்கான அரச ஆதரவு நிறுத்தப்பட்டு 1994இல் மீண்டமை போன்ற அறியப்பட்ட நிகழ்ச்சிகளோடு பொருத்தியும் உண்மையைத் தெளியலாம். மிகைப்படுத்தலுங்கூட, எம்மீன் பெருமைக்குரியதாய்க் கருதப்பட்டது என்பதற்குச் சான்றன்றோ!

செவ்வி காண்போர் சில நெறிகளைப் பேணுதல் வேண்டும். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஆகிய மூவினத்தாரும் தத்தம் பேச்சுமொழியிலேயே பேச இடமளித்தல் வேண்டும். அவர்தம் மீன்பெயர்களையும் இடப்பெயர்களையும் திருத்தாது பதிதல் வேண்டும். இசைவு பெற்று, நாளும் இடமும் குறித்து, ஒரு பிரதியைக் குடும்பத்தாரிடம் கையளித்தல் வேண்டும்.

பொல்கொல்லைக்கு முந்திய ஆற்றை இருபது வயதில் அறிந்தவர்கள் இன்று எழுபதை எட்டிவிட்டனர். பேராதனை வளாகத்தினூடாகவே மகாவலி ஓடுகின்றது; ஒலிப்பதிவுக் கருவியோ இன்று ஒவ்வொரு மாணவர் கையிலும் உள்ளது. ஆற்றைப் பழைய நிலைக்கு மீட்டல் இயலாது. அதனை அறிந்தோரின் குரலைக் காத்தல் இயலும். அதற்கும் எஞ்சியுள்ள காலம் சிறிதே.