சிகாகோ நீர்க்கோபுரம்: தொழில் மரபும் நகர நினைவும்

முன்னுரை

நகரங்களின் தொழில் வரலாற்றுக்குச் சான்றாக நிற்கும் கட்டடங்களுள் நீர்க்கோபுரங்கள் குறிப்பிடத்தக்கவை. அமெரிக்காவின் சிகாகோ நகரில் மிச்சிகன் அவென்யூவில் உள்ள நீர்க்கோபுரம், 1871ஆம் ஆண்டுப் பெருந்தீயில் அழியாது எஞ்சியது என்ற சிறப்பாலேயே பெரிதும் அறியப்படுகிறது. அக்கோபுரம் ஆற்றிய பணி யாது, தீயின்போது அப்பணி என்னவாயிற்று என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

கோபுரம் எழுந்த சூழல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிகாகோவின் கழிவுநீர் ஆற்றின் வழியே மிச்சிகன் ஏரியிற் கலந்தது. நகர மக்கள் பருகியதும் அவ்வேரி நீரையே. கரையோர நீர் மாசுற்றமையால், பொறியாளர் எல்லிஸ் செஸ்பரோ ஏரிக்கு அடியில் இரண்டு மைல் நீளச் சுரங்கம் அமைத்து, கரையிலிருந்து விலகிய இடத்துத் தூய நீரைக் கொணரத் திட்டமிட்டார். 1864இல் தொடங்கிய அச்சுரங்கம் 1867இல் பயன்பாட்டிற்கு வந்தது. அந்நீரை நகருக்குள் செலுத்த நீரேற்று நிலையமும் அதனருகே கோபுரமும் கட்டப்பட்டன. இரண்டையும் வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் வில்லியம் பாயிங்டன். சுண்ணாம்புக் கல்லாலான கோபுரம் 1869இல் நிறைவுற்றது. அதன் உயரம் 154 அடி.

கோபுரத்தின் பணி

நீர்க்கோபுரம் என்றதும் நம் நினைவிற்கு வருவது மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. சிகாகோக் கோபுரம் அத்தகையதன்று. அதனுள் நீர்த்தொட்டி இல்லை. 138 அடி உயரமும் 3 அடி விட்டமும் கொண்ட செங்குத்தான இரும்புக் குழாய் ஒன்றே இருந்தது. நீராவி எந்திரங்கள் ஒவ்வொரு வீச்சிலும் நீரை விட்டுவிட்டுத் தள்ளியதால் குழாய்களில் அதிர்வு எழுந்தது. செங்குத்துக் குழாயிலிருந்த நீர் ஏறியும் இறங்கியும் அவ்வதிர்வைத் தாங்கி, நீரோட்டத்தைச் சீராக்கியது. கோட்டை போன்ற கற்சுவர் அக்குழாயை மூடிய உறையே.

பெருந்தீயும் பின்னரும்

1871 அக்டோபர் 8ஆம் நாள் இரவு மூண்ட தீ, விடியுமுன் நீரேற்று நிலையத்தை எட்டியது. கூரை எரிந்து சரிய, எந்திரங்கள் நின்றன. தீயணைக்க நீர் தேவைப்பட்ட வேளையில் நகரின் நீர் வழங்கல் அற்றுப்போயிற்று. கோபுரம் அழியவில்லை, ஆயினும் எந்திரமின்றி அதனாற் பயனில்லை. தப்பிப் பிழைத்ததன் அடையாளமாகப் போற்றப்படும் கட்டடம், நீர் வழங்கல் முறையின் தோல்விக்கும் சான்றாக நிற்கிறது.

1882இல் சிகாகோ வந்த ஆஸ்கார் வைல்டு கோபுரத்தின் புறத்தோற்றத்தை எள்ளினார். ஆனால் நீரேற்று எந்திரங்களை வியந்து பாராட்டினார். 1911இல் குழாய் அகற்றப்பட்டது. அவர் எள்ளிய கல்லுறை மட்டும் பேணப்பட்டு, 1969இல் அமெரிக்க நீர்ப்பணிச் சங்கத்தின் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

முடிவுரை

தொழில் மரபைக் காத்தல் என்பது சுவர்களைக் காத்தலோடு முடிவதன்று. எந்திரம் இயங்கிய முறை, அதன் எல்லைகள், அது தவறிய தருணம் ஆகியவையும் ஆவணப்படுத்தப்பட வேண்டும். இல்லையேல் எஞ்சிய கட்டடம் அழகால் மட்டுமே நினைக்கப்படும். நகருக்கு நீரூட்டிய உழைப்பு மறக்கப்படும்.