அட்டையில் கையொப்பம் விழும்வரை: கொல்ஃபின் நான்கு பெரும் போட்டிகள்

கொல்ஃப் என்றதும் தொலைக்காட்சி அலைவரிசையை மாற்றிவிடும் வீடுகள் நம்மிடையே அதிகம். பணக்காரரின் விளையாட்டு, மெதுவான விளையாட்டு, பந்து போகும் திசையே தெரியாத விளையாட்டு என்று எப்போதோ ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். ஆனால் நாம் வந்து குடியேறிய நாடுகளில் வேலையிடத்துப் பேச்சிலும் அயலவர் பேச்சிலும் இது அடிக்கடி வருகிறது. வருடத்தில் நான்கு தடவை மட்டுமாவது இதைப் பார்க்கலாம். அந்த நான்கு போட்டிகளின் கடைசி நாளில் நடப்பதை எந்தக் கதாசிரியரும் முன்கூட்டி எழுதிவிட முடியாது. கணக்கு எழுதிப் பிழைக்கும் நம் போன்றவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இவ்வளவு பணமும் புகழும் தங்கியிருக்கும் ஆட்டத்தில், தன் கணக்குக்குத் தானே கையொப்பமிட்டுப் பொறுப்பேற்பவர் ஆட்டக்காரர்தான்.

நான்கு போட்டிகள்

இவற்றில் மூத்தது பிரித்தானியாவில் நடக்கும் ஓப்பன் சம்பியன்ஷிப். 1860இல் ஸ்கொட்லாந்தின் பிரெஸ்ட்விக் மைதானத்தில் தொடங்கியது. இன்று யூலை மாதத்தில், கடற்கரையோர மணல்மேட்டு மைதானங்களில் நடக்கிறது. அமெரிக்காவின் யூ.எஸ். ஓப்பன் 1895இல் தொடங்கியது. யூன் மாதத்துக்கு உரியது. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கான பி.ஜி.ஏ. சம்பியன்ஷிப் 1916இல் தொடங்கியது. நீண்டகாலம் ஓகஸ்டில் நடந்த அது 2019 முதல் மே மாதத்துக்கு மாறிவிட்டது. நால்வரில் இளையது 1934இல் தொடங்கிய மாஸ்டர்ஸ். ஒவ்வொரு ஏப்ரலிலும் ஜோர்ஜியா மாநிலத்தின் ஒகஸ்டா நஷனல் மைதானத்தில் நடக்கும். மற்ற மூன்றும் வருடத்துக்கு வருடம் இடம் மாறும், மாஸ்டர்ஸ் மாறாது.

நான்கிலும் ஆட்ட முறை ஒன்றே. வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாட்கள், நாளொன்றுக்கு 18 குழிகள், மொத்தம் 72. பந்தைக் குழியில் போட எத்தனை தடவை அடித்தார் என்பதே கணக்கு. குறைந்த கூட்டுத்தொகை எடுத்தவர் வெல்வார். ஒவ்வொரு குழிக்கும் 'பார்' என்ற ஓர் அளவு உண்டு. நல்ல ஆட்டக்காரர் ஒருவருக்கு அங்கே எத்தனை அடி தேவைப்படும் என்ற மதிப்பீடு அது. அதைவிட ஒன்று குறைந்தால் 'பேர்டி', ஒன்று கூடினால் 'போகி'. இரண்டாம் நாள் முடிவில் பின்தங்கியவர்கள் வெட்டப்படுவார்கள். மாஸ்டர்ஸில் முதல் 50 இடத்தினரும் அவர்களுக்குச் சமமானவர்களும் தொடர்வார்கள். யூ.எஸ். ஓப்பனில் இந்த எண் 60, மற்ற இரண்டிலும் 70.

முடிவு ஏன் கடைசிவரை தெரிவதில்லை

உதைபந்தாட்டத்தில் முன்னிலையில் உள்ள அணி பந்தைத் தன் காலில் வைத்து நேரத்தைக் கடத்தலாம். கொல்ஃபில் கடத்துவதற்கு நேரம் இல்லை. ஆறு அடி முன்னிலையில் இருப்பவரும் எஞ்சிய குழிகள் அத்தனையையும் விளையாடித்தான் ஆக வேண்டும். மாற்று ஆட்டக்காரர் கிடையாது. எதிராளியைத் தடுக்கவும் வழியில்லை. ஒரு குழியில் அதிகபட்சம் இவ்வளவுதான் இழக்கலாம் என்ற எல்லையும் இல்லை.

மைதானமும் தன் பங்கைச் செய்யும். ஒகஸ்டாவின் 12ஆவது குழி 155 யார் தூரம் மட்டுமே, அதாவது சுமார் 140 மீற்றர். ஆனால் முன்னால் ஒரு சிற்றோடை ஓடுகிறது. மரங்களுக்கு மேலே காற்று சுழன்று திசை மாறிக்கொண்டே இருக்கிறது. 2016இல் ஜோர்டன் ஸ்பீத் கடைசி நாளின் பாதி ஆட்டத்தை ஐந்து அடி முன்னிலையோடு முடித்தார். அடுத்த இரு குழிகளில் தலா ஓர் அடி இழந்தார். 12ஆவதில் பந்தை இரண்டு தடவை தண்ணீரில் விட்டார். மூன்று அடியில் முடிய வேண்டிய குழிக்கு ஏழு அடிகள். அன்று மாலை பச்சை அங்கி இங்கிலாந்தின் டனி வில்லெட்டுக்குப் போனது.

கரைந்த முன்னிலைகள்

1966 யூ.எஸ். ஓப்பன், சான்பிரான்சிஸ்கோவின் ஒலிம்பிக் கிளப். ஒன்பது குழிகள் மட்டுமே மிச்சம் இருக்க, ஆர்னல்ட் பாமர் ஏழு அடி முன்னிலையில் இருந்தார். அந்த ஒன்பதையும் அவர் 39 அடிகளில் முடித்தார். கூடவே விளையாடிய பில்லி காஸ்பர் 32இல் முடித்தார். கணக்குச் சமமானது. மறுநாள் 18 குழி மேலதிக ஆட்டத்தில் காஸ்பர் வென்றார்.

1996 மாஸ்டர்ஸில் அவுஸ்திரேலியாவின் கிரெக் நோர்மன் ஆறு அடி முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கினார். அவர் அடித்தது 78, நிக் ஃபால்டோ அடித்தது 67. முடிவில் ஃபால்டோ ஐந்து அடி வித்தியாசத்தில் வென்றிருந்தார். ஒரே நாளில் பதினொரு அடிகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போயிருந்தன.

எல்லாவற்றிலும் அதிகம் பேசப்படுவது 1999இல் கார்னூஸ்டியில் நடந்த ஓப்பன். பிரான்சின் ஜோன் வான் டி வெல்ட் கடைசிக் குழிக்கு வரும்போது மூன்று அடி முன்னிலையில் இருந்தார். நான்கு அடிக் குழியில் ஆறு அடித்தாலும் கிண்ணம் அவருக்கே. 1907க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் எவரும் அதை வென்றதில்லை. முதல் அடி வலப்புறம் வெகுதூரம் விலகியது. இரண்டாவது, பார்வையாளர் மேடையின் கம்பியில் பட்டுத் திரும்பிப் புற்புதருக்குள் விழுந்தது. மூன்றாவது ஓடைக்குள் போனது. சப்பாத்தையும் காலுறையையும் கழற்றித் தண்ணீருக்குள் இறங்கி நின்று, அங்கிருந்தே அடிக்கலாமா என்று பார்த்தார். பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டு ஓர் அடி தண்டத்தை ஏற்றுக்கொண்டார், அது நான்கு. ஐந்தாவது மணற்குழிக்குள் விழுந்தது. ஆறாவதில் வெளியே வந்தார். ஏழாவதை, கைகள் நடுங்கியிருக்க வேண்டிய அந்த நேரத்தில், நேராகக் குழிக்குள் தள்ளினார். அதனால்தான் மேலதிக ஆட்டத்துக்காவது இடம் கிடைத்தது. அதில் வென்றவர் ஸ்கொட்லாந்தின் போல் லோரி. அன்று காலை அவர் பத்து அடி பின்னால் இருந்தவர்.

அட்டையில் ஒரு வரி

கொல்ஃபில் ஆட்டக்காரரின் அட்டையை உடன் விளையாடுபவர் நிரப்புவார். ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர் வரிக்கு வரி சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். கூட்டுத்தொகைக்கு அவர் பொறுப்பில்லை. அதைப் போட்டிக் குழு கூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு குழியின் எண்ணுக்கும் அவரே பொறுப்பு. உண்மையைவிடக் கூடிய எண்ணுக்குக் கையொப்பமிட்டால் அந்த எண்ணே நிலைக்கும். குறைந்த எண்ணுக்கு ஒப்பமிட்டால் தகுதி நீக்கம்.

1968 மாஸ்டர்ஸின் கடைசி நாள் ஆர்ஜென்டீனாவின் ரொபேர்ட்டோ டி விசென்சோவுக்கு 45ஆவது பிறந்தநாள். 17ஆவது குழியை மூன்று அடிகளில் முடித்தார். மைதானத்தில் நின்றவர்களும் தொலைக்காட்சியில் பார்த்தவர்களும் அதைக் கண்டார்கள். உடன் ஆடிய டொமி ஆரன் அட்டையில் நான்கு என்று எழுதிவிட்டார். கவனிக்காமல் டி விசென்சோ கையொப்பமிட்டார். 65 என்று இருக்க வேண்டியது 66 ஆக நிலைத்தது. பொப் கோல்பியுடன் மேலதிக ஆட்டத்துக்குப் போயிருக்க வேண்டியவர் ஓர் அடியால் தோற்றார். அவர் ஆரனைக் குறை சொல்லவில்லை. தன் முட்டாள்தனம் என்று தன்னையே நொந்துகொண்டார்.

அதற்குப் பதினொரு வருடங்களுக்கு முன், 1957இல், பெண்களுக்கான யூ.எஸ். ஓப்பனில் ஹவாயைச் சேர்ந்த ஜாக்கி பங் மிகக் குறைந்த மொத்தத்தோடு முடித்தார். ஆனால் கடைசி நாள் அட்டையில் நான்காவது குழிக்கு ஆறுக்குப் பதில் ஐந்து என்று இருந்தது. கூட்டுத்தொகை சரியாகவே எழுதப்பட்டிருந்தது. இருந்தும் தகுதி நீக்கம். பட்டம் பெற்சி ரோல்ஸுக்குப் போனது. அங்கிருந்தவர்கள் பங்குக்காகச் சேர்த்துக் கொடுத்த பணம் முதற்பரிசையே தாண்டியது. ஊரில் வர்த்தகம் படித்தவர்களுக்குப் பரீட்சை மீதி காட்டிக்கொடுக்காத வழுக்கள் நினைவிருக்கும். இரு பக்கமும் பொருந்தி நிற்கும், உள்ளே ஒரு வரி பிழையாக இருக்கும். அந்தப் பாடத்துக்கு இதைவிடக் கசப்பான உதாரணம் நாம் கண்டதில்லை.

இந்த விதியைக் கொடுமை என்பவர்கள் உண்டு. ஆனால் அதே நம்பிக்கையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1925 யூ.எஸ். ஓப்பனில் பொபி ஜோன்ஸ் அடிக்கத் தயாரானபோது புல்லுக்குள் பந்து சற்று அசைந்தது. வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. அதிகாரிகள் முடிவை அவரிடமே விட்டார்கள். அவர் தன் கணக்கில் ஓர் அடியைத் தானே கூட்டிக்கொண்டார். 72 குழிகள் முடிந்தபோது வில்லி மக்ஃபார்லனுடன் சமநிலை. மேலதிக ஆட்டத்தில் தோல்வி. அந்த ஓர் அடியைச் சொல்லாமல் விட்டிருந்தால் பட்டம் அவருடையது. மாஸ்டர்ஸைப் பின்னாளில் கிளிஃபர்ட் ரொபேர்ட்ஸோடு சேர்ந்து தொடங்கியவரும் இதே ஜோன்ஸ்தான்.

தோற்றவர்கள் திரும்பி வருவது

வயது இங்கே முற்றான தடை அல்ல. 2009இல் டேர்ன்பெரியில் 59 வயது டொம் வொட்சன் கடைசிக் குழிக்கு ஓர் அடி முன்னிலையோடு வந்தார். அது ஆறாவது ஓப்பன் பட்டமாக இருந்திருக்கும். இரண்டரை மீற்றர் அளவிலான ஒரு தட்டலில் அது கைநழுவியது. மேலதிக ஆட்டத்தில் ஸ்டுவர்ட் சிங்க் வென்றார்.

வட அயர்லாந்தின் ரோரி மக்கில்ரோய் 2011 மாஸ்டர்ஸில் நான்கு அடி முன்னிலையை வைத்துக்கொண்டு கடைசி நாள் 80 அடித்தார். அப்போது வயது 21. இரண்டு மாதங்களில் யூ.எஸ். ஓப்பனை எட்டு அடி வித்தியாசத்தில் வென்றார். ஆனால் ஒகஸ்டா மட்டும் பிடிபடாமலே இருந்தது. 2024 யூ.எஸ். ஓப்பனில் கடைசி மூன்று குழிகளுக்குள் இரண்டு குறுந்தட்டல்களைத் தவறவிட்டு ஓர் அடியால் தோற்றார். 2025 ஏப்ரலில் மீண்டும் ஒகஸ்டா. முதற் குழியிலேயே இரண்டு அடி இழப்பு, 13ஆவதில் பந்து ஓடைக்குள், 18ஆவதில் வெற்றித் தட்டலும் தவறல். இறுதியில் ஜஸ்டின் ரோஸுடனான மேலதிக ஆட்டத்தின் முதற் குழியிலேயே பேர்டி எடுத்து வென்றார். நான்கு பெரும் போட்டிகளையும் வென்றவர்களில் அவர் ஆறாவது ஆள். முழங்காலில் விழுந்து அழுதபோது வயது 35.

பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

ஞாயிறு ஆட்டத்தை முழுதும் பார்க்க நேரமில்லாவிட்டால் கடைசி ஒன்பது குழிகள் போதும். முன்னிலையில் இருப்பவரை மட்டும் பார்க்காமல், ஆட்டத்தை முடித்துவிட்டுக் காத்திருப்பவரின் எண்ணையும் பாருங்கள். மாலைக் காற்றில் விளையாடுபவரைவிட அவரது நிலை சில வேளை நல்லது. சமநிலை வந்தால் மாஸ்டர்ஸில் ஒவ்வொரு குழியாக, ஒருவர் முந்தும்வரை ஆடுவார்கள். யூ.எஸ். ஓப்பனில் இரண்டு குழிகளின் கூட்டுத்தொகை, மற்ற இரண்டிலும் மூன்று குழிகளின் கூட்டுத்தொகை. அதன்பிறகும் சமம் என்றால்தான் ஒவ்வொரு குழியாக.

பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் இன்னொன்றையும் காட்டலாம். கடைசித் தட்டல் விழுந்து கூட்டம் ஆரவாரிக்கும்போதும் வென்றவர் நேரே கிண்ணத்திடம் போவதில்லை. முதலில் அட்டை சரிபார்க்கும் அறைக்குப் போய் 18 எண்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அதன் பிறகுதான் வெற்றி.