ஒரே நாளில் இரு வாக்கு

இந்தியாவில் பாராளுமன்றத்துக்கும் மாநிலச் சட்டசபைகளுக்கும் ஒருங்கே தேர்தல் நடத்த வேண்டும் என்னும் குரல் வலுத்துள்ளது. முன்பிருந்த நல்லொழுங்கையே மீட்க முனைவதாக அதன் ஆதரவாளர் கூறுகின்றனர். அவ்வொழுங்கு இருந்தது உண்மையே. அதனை முறித்தவர் யார் என்பதையும் நாம் வரலாற்றிடம் வினவுதல் வேண்டும்.

1951-52, 1957, 1962, 1967 ஆகிய நான்கு பொதுத்தேர்தல்களிலும் பெரும்பாலான மாநில மக்கள் இரு வாக்குகளையும் ஒருங்கே அளித்தனர். சட்டம் எதுவும் இதனை விதிக்கவில்லை. புதிய குடியரசின் மன்றங்கள் யாவும் ஒரே காலத்திற் பிறந்தன. எங்கும் பெரும்பாலும் காங்கிரசே ஆண்டமையால் ஒருங்கே முதிர்ந்தன.

1957இல் கேரள மக்கள் கம்யூனிஸ்டுகளைத் தெரிவுசெய்தனர். ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடின் மந்திரிசபை குத்தகை விவசாயியின் நிலவுரிமைக்கும், தனியார் பள்ளி ஆசிரியரின் பாதுகாப்புக்கும் சட்டம் இயற்ற முனைந்தது. நிலவுடைமையாளரும் மதபீடங்களும் சாதிச் சங்கங்களும் கிளர்ந்தெழுந்தனர், காங்கிரஸ் துணைநின்றது. சட்டசபையிற் பெரும்பான்மை குலையாதிருந்தும், 1959 ஜூலை 31இல் மத்திய அரசு 356ஆம் உறுப்புரையைக் கொண்டு அம்மந்திரிசபையை நீக்கியது. 1960இல் கேரளம் தனியே வாக்களித்தது. ஆகவே 1962இல் அங்கு பாராளுமன்றத் தேர்தல் மட்டுமே நடந்தது.

1967இல் பல மாநிலங்கள் காங்கிரசின் கைநழுவின. கட்சி தாவலாற் கூட்டணி மந்திரிசபைகள் சரிந்தன என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை. ஆயின் 1970 டிசம்பரில் மக்களவையையே தவணைக்கு முன் கலைக்கச் செய்தவர் பிரதமர் இந்திரா காந்தி. 1977இல் ஜனதா அரசும், 1980இல் காங்கிரஸ் அரசும் தத்தம் எதிரணியினர் ஆண்ட ஒன்பது மாநிலச் சட்டசபைகளைக் கலைத்தன. 1994இல் உச்ச நீதிமன்றம் பொம்மை வழக்கில் அளித்த தீர்ப்பே இவ்வழக்கத்துக்குக் கடிவாளமிட்டது.

2024 டிசம்பரில் மக்களவையில் முன்வைக்கப்பட்ட திருத்த மசோதாவின்படி, இடையிற் கலையும் சட்டசபைக்குப் பதிலாகத் தெரிவாகும் சபை எஞ்சிய காலத்துக்கு மட்டுமே நிலைக்கும். நான்காண்டு கழிந்து கலைந்தால், மக்களின் புதிய தீர்ப்புக்கு ஆயுள் ஓராண்டே! தேர்தற் செலவு குறையலாம். ஆனால் அச்சேமிப்புக்கு விலை செலுத்துவது மாநில மக்களின் வாக்கன்றோ?

ஒழுங்கை முறித்தவர் வாக்காளர் அல்லர். அதனை மீட்பதற்கான தண்டம் மட்டும் அவர்மீதே விழுகிறது. தேர்தல்கள் ஒரே நாளில் நடப்பதனால் ஒரு கூட்டாட்சி வலுப்பெறுவதில்லை. தனக்கு உவப்பற்ற தீர்ப்பையும் அதன் முழுத்தவணைக்கும் மத்திய அரசு மதிக்கும்போதே அது வலுப்பெறும்.