ஆரக்கால் சீவிய கத்தி

இங்கிலாந்தில் சர்ரே பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், துருப்பிடித்த அரங்களுக்கு அடியில் கிடந்தது. பீச் மரக்கட்டை, இரண்டு பக்கமும் கைப்பிடி, நடுவில் மூன்று அங்குலக் கத்தி. ஸ்போக்‌ஷேவ் என்பார்கள், ஆரக்கால் இழைக்கிற கருவி. பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன்.

பக்கத்து ஊரான ஃபார்ன்ஹமில் ஜார்ஜ் ஸ்டர்ட் என்ற பள்ளி வாத்தியார் இருந்தார். 1884-ல் அப்பா இறந்ததும் குடும்பத்துச் சக்கரப் பட்டறை அவர் தலையில் விழுந்தது. வேலை தெரியாத முதலாளி. ஆட்களிடம் பார்த்துக் கற்றதை 1923-ல் ‘தி வீல்ரைட்ஸ் ஷாப்’ என்று புத்தகமாக்கினார். சக்கரத்தின் நடுக்குடத்துக்கு எல்ம் மரம், வெளிவட்டைக்கு ஆஷ், ஆரக்காலுக்கு ஓக். அந்த ஓக்கை ரம்பத்தால் அறுக்கக் கூடாது, பிளக்க வேண்டும். நார் அறுபடாமல் முனைவரை ஓடினால்தான் பாரம் தாங்கும். முரட்டுச் செதுக்கல் முடிந்தபின் கடைசி வழவழப்பு ஸ்போக்‌ஷேவுக்கு.

நான் வாங்கியதில் திருகாணி கிடையாது. கத்தியின் இரு முனையிலும் மேல்நோக்கி வளைந்த காம்புகள் கட்டையின் துளைகளில் இறுகி நிற்கும், அவ்வளவுதான். காம்பின் தலையில் தட்டினால் கத்தி வெளியே வரும், சீவல் தடிக்கும். கத்தியின் முதுகில் மரச்சுத்தியால் தட்டினால் உள்ளே போகும். அமெரிக்காவில் லியோனார்ட் பெய்லி 1858-ல் இரும்பு ஸ்போக்‌ஷேவுக்குக் காப்புரிமை வாங்கினார். உறுதியானதுதான்; ஆனால் அந்த வகையில் கத்தி இழைப்புளி போல நிமிர்ந்து நிற்கும். மரத்தாலானதில் கத்தி ஏறக்குறைய படுத்தே கிடக்கும். ஓக் மீது அது போகிற சுகம் இரும்பில் இல்லை என்பது என் கட்சி.

சாணை பிடிக்கக் கழற்றியபோதுதான் அடிபட்டேன். கட்டையைக் கைக்குள் பொத்திக்கொண்டு காம்பைத் தட்டினேன். இரண்டு தட்டுக்கு அசையாத கத்தி மூன்றாவதற்குத் துள்ளி வந்து உள்ளங்கையில் இறங்கியது. நான்கு தையல். இப்போது மேசையில் பழந்துணியை விரித்து, கட்டையை இரு மரத்துண்டுகள் மேல் வைத்து, விரலைக் கைப்பிடி நுனியில் மட்டும் வைக்கிறேன். இரண்டு காம்பையும் மாற்றி மாற்றி, மெல்ல. குளிர்காலத்து ஹீட்டரில் கட்டை சுருங்கித் துளை தளர்ந்தால் ஒரு துண்டுக் காகிதத்தைச் சொருகுகிறேன்.

கத்தியின் ஒரு ஓரம் சற்று அதிகமாக நீண்டிருந்தால் அங்கே தடித்த சீவல், மறு ஓரத்தில் மெல்லிய சீவல். ஒரே கருவியில் இரண்டு வேலை. என்னிடம் இருப்பதில் வலது காம்பின் தலை, அடி வாங்கி வாங்கிக் காளான் போல விரிந்திருக்கிறது. இடது காம்பு அவ்வளவாக இல்லை.